கண் சரிந்த கைக்கோடரி

திருகோணமலையில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்ததற்கு அடுத்த வருடம், கொழும்பில் நான் வேலை பார்த்த பத்திரிகை மெலிந்துபோயிருந்தது. காகிதம் கப்பலில் வர வேண்டும். கப்பலில் அதைவிட அவசரமான சாமான்கள் வந்துகொண்டிருந்தன. நான் செய்தி எழுதுவதோடு, அச்சுக்கட்டைகளுக்குக் கோட்டுப் படங்களும் வரைகிறவன். மெலிந்த பத்திரிகையில் படத்துக்கு இடமில்லை. ஊருக்குப் போய் அங்கிருந்து செய்தி அனுப்பும்படி சொல்லிவிட்டார்கள்.

மட்டக்களப்பிலிருந்து அப்போது இரண்டு வகைச் செய்திதான் அனுப்ப முடியும். தணிக்கைக்காரர் வெட்டிவிடுகிற செய்தி ஒன்று. யாரும் படிக்காத செய்தி மற்றது. காலையில் எழுதியதை மத்தியானம் கிழித்துவிட்டு வாவிக்கரைக்கு நடந்து போவேன். விமானம் ஒன்று தாழப் பறக்கும். அது யாருடையது என்று கரையில் நிற்கிறவர்கள் சண்டை பிடிப்பார்கள். திரும்பி வந்து மேசையில் உட்காருவேன். மேசை பிடிக்காது. மறுபடி நடப்பேன்.

அந்த நாட்களில்தான் காத்தான்குடியிலிருந்து ஒரு வியாபாரி என்னைத் தேடி வந்தார். மேற்கே, மலைக்குப் போகிற வீதியில் காடு தொடங்கும் இடத்தில், பட்டாளத்துக்கு ஒரு பயிற்சி முகாம் இருந்தது. அங்கே அரிசி, ஆடு, விறகு எல்லாம் கொடுக்கிறவர் அவர். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"பேப்பர் தம்பி, நீங்க படம் கீறுவீங்கதானே? முகாம் துரைக்கு ஒரு கோடரி கீறித் தரணும்."

"கோடரியைக் கீறி என்ன செய்யப் போறாங்க?"

"கீறினாத்தான் அந்தாளுக்கு விளங்கும். நான் பேசினா அவருக்கு ஆட்டு விலை மட்டும்தான் விளங்குது. மத்ததெல்லாம் விளங்காத மாதிரி நிக்கிறார்."

அடுத்த நாள் அவருடைய மாட்டுக் கரத்தையில் முகாமுக்குப் போனோம். முகாம் துரை ஒரு கப்டன், ஒல்லியான மனிதர். ஒரு இடத்தில் நிற்காதவர். பேசும்போது கூடாரக் கயிறுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டே நடப்பார். நானும் கூடவே நடந்தேன். அவருடைய சிப்பாய்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பர்மாக் காட்டுச் சண்டைக்கு இங்கே பழகுகிறார்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்த நீளக் கத்தி, முற்றிய கொடியில் பட்டால் துள்ளித் திரும்புகிறது. பெரிய கோடரியைச் சுமந்துகொண்டு ஓட முடியாது. அமெரிக்காவின் பழங்குடி மக்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த ஒரு சிறிய கோடரியைப் பற்றிச் சொன்னார். டொமஹாக் என்றார். அதுபோல ஒன்று வேண்டும். கொப்பு வெட்ட வேண்டும், கூடார முளை அடிக்க வேண்டும், குழி தோண்ட வேண்டும், ஆள் மேலே பாய்ந்தால் கையில் ஆயுதமாகவும் இருக்க வேண்டும். கொழும்புக்கு எழுதிப் போட்டு எதுவும் வரவில்லை. இங்கே யாராவது செய்வார்களா?

"மாதிரி நல்லாயிருந்தால் இரும்பு நான் தருவேன்" என்றார். "பழுதான லொறிகளின் வில்தகடுகள் குவிந்து கிடக்கின்றன."

இரும்பு என்ற சொல்லைக் கேட்டதும் வியாபாரி என் முழங்கையை இடித்தார். பழுகாமத்தில் ஒரு ஆசாரியை அவருக்குத் தெரியும். இரும்பு கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகு அந்த ஆசாரியின் உலை பெரும்பாலும் ஆறிக் கிடந்தது.

வாவியைக் கடந்து பழுகாமத்துக்குப் போனபோது ஆசாரி பட்டறைக்குள் இல்லை. வெளியே பூவரசு நிழலில் மனைவியோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இருவரும் நிறுத்தினார்கள். விஷயம் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு இரும்பு வேலை தெரிந்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். உலை எரியாதபோது வேறு வழியில்லை, போகிறேன் என்பது அவர் கட்சி. போகக் கூடாது என்பது அவள் கட்சி. அவளுடைய தமையன் முந்திய வருடம் அந்தத் துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன். குண்டு விழுந்த நாளில் உயிர் தப்பினான். காது இரண்டும் போய்விட்டது. இப்போது அதே வளவில் இன்னொரு குடிசையில் இருந்தான். தனக்குக் கேட்காததால் எதைச் சொன்னாலும் உரத்துக் கத்தினான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதும் அங்கிருந்து, "சோறு ஆக்கியாச்சா?" என்று பெரிய சத்தம் வந்தது.

"கேட்டீங்களா அண்ணன்?" என்றாள் அவள் என்னிடம். "ஒரு வளவுக்கு இப்பிடி ஒராள் போதும்."

வியாபாரி கப்டன் சொன்னதைச் சொன்னார். மாதிரி பிடித்துவிட்டால் இரும்பு வீட்டுக்கே வரும். உலை எரியும். ஆசாரி ஊரிலேயே இருக்கலாம். அவள் உடனே எனக்கு உட்காரப் பலகை எடுத்து வைத்தாள்.

"அப்ப வடிவா கீறுங்க அண்ணன். இவர் இஞ்ச நிக்கிறது உங்கட கையிலதான் இரிக்கு."

கடைசித் திருத்தம் வரை அந்தச் சொல் என் காதில் இருந்தது.

முதல் படத்தை நான் வடிவாகத்தான் வரைந்தேன். பிறை போன்ற வாய். மறு பக்கத்தில் கூர்மையான ஒரு கொம்பு. கப்டன் கேட்ட சண்டை ஆயுதம் அதில் இருந்தது. காகித அட்டையில் வெட்டி, ஒரு குச்சியில் கட்டி, ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் அதை இடுப்பில் செருகினார். இரண்டடி நடந்தார். பிறகு வேண்டுமென்றே பின்பக்கமாக மணலில் விழுந்தார். எழும்பி, கொம்பு குத்திய முதுகைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"அட்டையெண்டபடியால தப்பினன் தம்பி. இரும்பெண்டா ஜப்பான்காரனுக்கு வேலை மிச்சம்."

வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். கொம்பு போனது. அந்த இடத்தில் கட்டையான ஒரு தலை வந்தது. முளை அடிக்க அது உதவும். ஓங்கி அடித்தால் மண்டையும் உடையும். அதைக் கப்டனுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

பிறை வாயும் அதே போல் குறைந்தது. அகன்ற வாய் கொடியை வெட்டும், கட்டையில் இறங்காது. ஒடுங்கிய வாய் இறங்கும், ஆனால் பிடித்துக்கொள்ளும். ஆசாரியிடம் மீதியிருந்த கொஞ்ச இரும்பில் ஒன்று அடிப்பார். அவர் மனைவி அதை எடுத்துப் போய் விறகில் போட்டுப் பார்ப்பாள். விறகு கொத்துகிறவள் சொல்வதுதான் கணக்கு என்று வியாபாரி தீர்ப்புச் சொல்லியிருந்தார். அவள் திரும்பி வந்து, "இழுக்க ஏலாம கிடக்கு" என்பாள். அல்லது, "இது தேங்காய்க்குச் சரி, கட்டைக்குச் சரிவராது" என்பாள். நான் கோட்டை மாற்றுவேன். ஆசாரி உலையில் போட்டு மறுபடி அடிப்பார். வாயின் கீழ் முனையை நான் கொஞ்சம் தாழ்த்தி இழுத்தேன். வெட்டிய கொப்பை அதால் கொக்கி போல் கொழுவி இழுக்க முடிந்தது. அது எனக்கு மிகவும் பிடித்த கோடு. ஆசாரிக்கும் பிடித்தது. அந்த வளைவை விரலால் இரண்டு முறை தடவினார்.

ஒரு நாளைக்கு வாவியை இரண்டு தரம் கடந்தேன். ஓடக்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். கிழக்கே எழுவான்கரையில் என் வீட்டில் இருந்தால், மேற்கே படுவான்கரையில் ஆசாரி என்ன அடிக்கிறாரோ என்று மனம் கிடந்து துடிக்கும். பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தால் வீட்டு மேசையில் விட்டுவந்த படத்தில் ஒரு பிழை தெரியும். கச்சான் காற்று அந்த மாதம் முழுவதும் ஓயவில்லை. மேற்கிலிருந்து நெருப்பு மாதிரி வந்து கதவுகளை அடித்தது. இரவில் தூங்கியவர்கள்கூடக் காலையில் தூங்காதவர்கள் போல இருந்தார்கள்.

பிடிக்கு வந்தபோது ஒரு தகராறு. அந்த ஊரில் ஆயுதத்துக்குப் பிடி போடுவதில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வருகிறவன் கையை நீட்ட வேண்டும். ஆசாரி முழங்கை மடிப்பிலிருந்து விரல் மடங்கும் மொழிவரை ஒரு கயிற்றால் அளப்பார். அந்தக் கயிற்றுக்கு ஏற்றபடிதான் பிடி. கை அளக்காமல் பிடி போட்டால் அது இரவல் கோடரி என்பார்கள்.

"யாருக்குப் போடுறது?" என்று கேட்டார்.

"சிப்பாய்களுக்கு."

"எந்தச் சிப்பாய்க்கு?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் ஆசாரியார். பட்டாளம் அப்படித்தான்."

"எல்லாருக்கும் ஒரே கையா வைச்சிரிக்கான் ஆண்டவன்?"

அவர் மனைவி உலைக்குக் கரி போட்டுக்கொண்டு குறுக்கே சொன்னாள்: "ஊரெல்லாத்துக்கும் கை அளக்கிறார் அண்ணன். எண்ட கையை ஒருநாளும் அளந்ததில்ல. இவர்ட கோடரியாலதான் நான் கொத்துறன். பிடி நீளம். ஒவ்வொரு கொத்துக்கும் இடுப்பில இடிக்குது."

"உன்னை ஆர் கொத்தச் சொன்ன? நான் கொத்தித் தாறன்தானே. நான் இஞ்ச இரிக்கும் மட்டும் உனக்கு என்னத்துக்குக் கோடரி?"

"நல்ல ஞாயம்" என்றாள். ஆனால் அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. முகத்தில் தெரிந்தது.

கடைசியில் ஆசாரி தன் கையையே அளந்து அதற்குச் சரியாகப் பிடிகளை வெட்டினார். சவண்டலை மரம். வளைந்தாலும் முறியாது. பிடியைக் கோடரியின் கண் என்கிற துளைக்குள் கீழிருந்து ஏற்றி, மேலே ஆப்பு அடித்து இறுக்கினார். பிறகு எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கோத்து, ஓடத்துறைக் கம்பில் கட்டி வாவிக்குள் இறக்கினார். எனக்கு அதில் எதுவும் விசேஷமாகத் தெரியவில்லை. வாவிக்கரையில் எல்லோரும் அப்படித்தான். காட்டுக்குப் போகிறவன் முதல் நாளே கோடரியைத் தண்ணீரில் போடுவான். மரம் ஊதி இரும்பை இறுக்கிப் பிடிக்கும். காலையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தோளில் வைத்துக்கொண்டு போவான். நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி அது. கொழும்பில் இருந்தபோதுகூட, கழன்ற கத்திப் பிடியை நான் வாளிக்குள்தான் போட்டேன்.

பட்டறை வாசலில் வைத்துப் பரீட்சை பார்த்தோம். முதிரைக் கட்டை பிளந்தது. தலை அசையவில்லை. அவள் ஒரு கோடரியை வாங்கி இரண்டு கொத்துக் கொத்திவிட்டு, "இது போதும்" என்றாள். அன்று மாலை அவள் தமையன் குடிசையிலிருந்து, "மச்சான் போகல்லையா?" என்று கத்தினான். "போகமாட்டார்!" என்று அவளும் கத்தினாள். அவனுக்குக் கேட்டிருக்காது.

கரத்தையில் ஆறு கோடரிகளை ஈரச் சாக்கில் சுற்றி முகாமுக்கு எடுத்துப் போனோம். அங்கே கப்டன் இல்லை. காட்டுக்குள் போயிருந்தார். காவல்காரன் கோடரிகளை வாங்கித் தகரக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, எங்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான். நாங்கள் திரும்பினோம். அந்த நாட்களில் காற்று இன்னும் பலத்தது. முகாம் பக்கம் வாவி இல்லை, ஈரம் இல்லை. தகரத்துக்குக் கீழே வைத்தால் வெற்றிலை ஒரு மணித்தியாலத்தில் சருகாகும் என்று வியாபாரி வழியில் சொன்னார். அது வெற்றிலையைப் பற்றிய பேச்சு. நாங்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கப்டன் இருந்தார். கோடரியைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தார். வாயின் வளைவைப் பார்த்து, "இது நன்றாக இருக்கிறது" என்றார். ஆசாரிக்கு நான் மொழிபெயர்த்தேன். கப்டன் ஒரு சிப்பாயைக் கூப்பிட்டார். ஆறடிக்கு மேல் உயரம். பாலைமரக் கொப்பு ஒன்றைக் காட்டினார். சிப்பாய் ஓங்கினான். முதல் வெட்டு நன்றாக இறங்கியது. இரண்டாவது வெட்டில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மூன்றாவது ஓங்கலில் அவன் கையில் பிடி மட்டும் இருந்தது. தலை பறந்து வியாபாரியின் தொப்பிக்கு மேலாகப் போய், சமையல் கொட்டகை வாசலில் இருந்த கோதுமை மாச் சாக்கில் புதைந்தது. மா புகை மாதிரி எழும்பியது.

 வியாபாரி தொப்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆசாரியார், ஜப்பான்காரன் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்."

ஆசாரி சிரிக்கவில்லை. மற்றக் கோடரிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டினார். எல்லாம் ஆடின. பக்கத்தில் இருந்த வாளிக்குள் ஒன்றைத் தலைகீழாக இறக்கினார். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க தம்பி. ஊறினா இறுகிடும்" என்றார். நான் கப்டனுக்கு அதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கு விளங்கியது.

கப்டன் கோபப்படவில்லை. "அப்படியானால் ஒவ்வொரு சிப்பாய்க்குப் பின்னாலும் ஒருவன் வாளியோடு போக வேண்டும்" என்றார். பிறகு தன் வழக்கப்படி நடக்கத் தொடங்கினார். நடந்துகொண்டே சொன்னார்: இந்தப் படை மாத முடிவில் போய்விடும். அதற்கு முன் தலை கழலாத ஒன்றைக் கொண்டு வந்தால் பார்ப்பேன். இல்லையென்றால் நீளக் கத்தியே போதும்.

நாங்கள் புறப்படுமுன் ஆசாரி அந்த உயரமான சிப்பாயிடம் போய்க் கையை நீட்டும்படி சாடை காட்டினார். அவன் சிரித்துக்கொண்டு நீட்டினான். மடியிலிருந்த கயிற்றை வைத்து அளந்தார். கயிறு போதவில்லை. சிப்பாய்கள் கூடி நின்று கை தட்டினார்கள். ஆசாரி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒரே அளவாம்" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஒரு இடத்தில் வீதி திருத்திக்கொண்டிருந்தார்கள். கரத்தை நின்றது. ஒரு தொழிலாளி வேலையை முடித்துவிட்டுப் பிக்காசை நிமிர்த்திப் பிடித்து, பிடியின் அடியைக் கல்லில் ஒரு குத்துக் குத்தினான். இரும்பு கழன்று பிடியில் வழுக்கிக் கீழே இறங்கியது. அதைச் சாக்கில் போட்டுக்கொண்டு, வெறும் தடியை ஊன்றி நடந்தான். ஆயிரம் தரம் பார்த்திருப்பேன். அன்று கரத்தையிலிருந்து குதித்துப் போய் அந்தத் தடியை வாங்கிப் பார்த்தேன். மேல் நுனி தடித்திருந்தது, கீழே ஒடுங்கியிருந்தது. இரும்பின் கண்ணும் அதே போல் மேலே அகன்று கீழே ஒடுங்கிச் சரிந்திருந்தது. ஓங்க ஓங்க இரும்பு தடித்த நுனியை நோக்கி ஓடி இறுகும். ஆப்பு தேவையில்லை. ஈரமும் தேவையில்லை.

"கோடரிக்கும் இப்படிக் கண் வைத்தால் என்ன?" என்றேன்.

"அது கொத்துற சாமான். இது வெட்டுற சாமான்" என்றார் ஆசாரி. "கட்டையில வாய் பிடிச்சா ஆட்டித்தானே இழுப்பான்? ஆட்டின உடனே தலை அவன்ட கைக்கு வந்திடும்."

"வந்தால் நிலத்தில் ஒரு குத்துக் குத்தட்டும்."

"சண்டைக்குள்ளயா?"

பழுகாமம் வரும்வரை அதே தர்க்கம். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. நடுவில் வியாபாரி பெரிய சத்தமாய்க் கொட்டாவி விட்டார். வீட்டை அடைந்தபோது அவள் வேலியருகே நின்றிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.  ஆசாரி பட்டறைக்குள் போய் மூலையில் எதையோ இழுத்தார். உடைந்துபோன ஒரு அலவாங்கு, மண் தோண்டும் கடப்பாரை. அதன் முனை கூராக ஒடுங்கிப் போயிருந்தது. அதை என் முன்னால் போட்டார்.

"இந்தச் சரிவு போதுமா தம்பி?"

அதுதான் அவர் ஒத்துக்கொண்ட விதம்.

அந்த அலவாங்கு முனையைச் சுற்றித்தான் புதிய கண்ணை அடித்தார். சூடான இரும்பை மடித்து, முனையை உள்ளே ஏற்றி, மேலிருந்து தட்டினார். நான் படத்தில் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினேன். கண் நீளமானால் பிடியை அதிக இடத்தில் பற்றும், ஆட்டினாலும் இலேசில் நழுவாது. அது ஆசாரியின் கேள்விக்கு நான் கண்ட பதில். பாதிப் பதில்தான். மீதிப் பாதியை அவர் கண்டார். கழுத்தின் உள்பக்கத்தை அரத்தால் சுத்தம் செய்யாமல் சொரசொரப்பாகவே விட்டார்.

பிடிகளை இந்த முறை வாவிக்குக் காட்டவே இல்லை. அவற்றைக் காய வைக்கும் பொறுப்பு அவளுடையது. குசினி அடுப்புக்கு மேலே கருவாடு தொங்கும் பரணில் அடுக்கிவிட்டாள். காலையும் மாலையும் புகை பட்டது. நான் போகும்போதெல்லாம் அவள் ஒரு பிடியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். குளிர்ந்தால் ஈரம் இருக்கிறதாம். "இன்னும் இரிக்கு" என்று திருப்பி வைப்பாள். அந்த ஈரம் போவதற்கும் மாதம் முடிவதற்கும் நடுவில் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு நாள் பத்திரிகைக்குச் செய்தி எழுத உட்கார்ந்து, வரி எதுவும் வராமல் காகிதம் முழுக்கக் கோடரிக் கண்களை வரைந்துவைத்திருந்தேன்.

இரண்டாம் தரம் போனபோது ஆசாரி கோடரிகளை வேண்டுமென்றே தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் வெயிலில் பரப்பினார். கப்டன் வந்தார். ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏன் இதில் மீன் மணக்கிறது?"

"அது எங்கள் ஊர்ப் பட்டறை இரகசியம்" என்றேன்.

அதே உயரமான சிப்பாய் வெட்டினான். பாலைக் கொப்பு விழுந்தது. அடுத்த கொப்பும் விழுந்தது. கட்டைத் தலையால் முளை அடித்தான். கட்டையில் வாயைப் பதித்து முரட்டுத்தனமாக ஆட்டினான். தலை விரலளவு இறங்கியது. கோடரியைக் கவிழ்த்துப் பிடியின் மேல் நுனியை நிலத்தில் குத்தினான், தலை ஏறி இறுகியது. பிறகு ஆசாரி அவனிடமிருந்து கோடரியை வாங்கித் தலையைக் கழற்றினார். காட்டில் நின்ற ஒரு கம்பை வெட்டி, செதுக்கி, அவனுடைய கைக்கு அளந்து புதிய பிடி போட்டுக் கொடுத்தார். வாளி இல்லை, ஆப்பு இல்லை. அவன் அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் ஏதோ சொன்னான். எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

கப்டன் நடக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். இந்தப் படைக்கும் அடுத்து வருகிற படைக்கும் அடிக்க இரும்பு தருவதாகச் சொன்னார். தலைகள் மட்டும் போதும், பிடியை அவரவர் வெட்டிக்கொள்ளட்டும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். திருகோணமலைத் துறைமுகப் பட்டறையில் மின்சாரத்தில் இயங்கும் சம்மட்டிகள் இருக்கின்றன. இந்த ஆள் அங்கே போய் இந்தக் கண்ணைக் காட்டிக்கொடுத்தால், இங்கே மாதத்தில் அடிக்கிறதை அங்கே ஒரு நாளில் அடிக்கலாம். விரும்பினால் போகலாம், கட்டாயமில்லை.

ஆசாரிக்கு மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "ஏலாதெண்டு சொல்லுங்க. எண்ட பட்டறை இஞ்ச இரிக்கு."

அப்படியே சொன்னேன். பழுகாமத்தில் அன்று அவள் கோழி அடித்தாள். வியாபாரிக்கு அதில் பங்கில்லை, இஸ்லாமிய முறைப்படி அறுக்காததை அவர் தின்பதில்லை. அவருக்கென்று தயிரும் வாழைப்பழமும் வைத்தாள். "துரைக்கு ஆட்டு விலைக்கு மேலேயும் ஒண்டு விளங்கியிரிக்கு" என்று அவர் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்.

லொறி வில்தகடுகள் வந்தன. உலை எரிந்தது. சம்மட்டிச் சத்தம் ஓடத்துறைவரை கேட்டது. எல்லாம் நாங்கள் நினைத்தபடிதான். ஆனால் ஆசாரி அடிக்கும்போது இடையிடையே நிறுத்தினார். கையிலிருக்கும் சம்மட்டியைப் பார்ப்பார்.

"தம்பி, கரண்டில அடிக்கிற சம்மட்டி எப்பிடி இரிக்கும்? மேலயிருந்து விழுமா, பக்கத்தால வருமா?"

கொழும்பில் அச்சு இயந்திரங்கள் பார்த்திருக்கிறேன், மின்சாரச் சம்மட்டி பார்த்ததில்லை. தெரிந்ததை வைத்து ஒன்று வரைந்து கொடுத்தேன். ஓங்கி நிற்கும் ஒரு தூண், அதில் ஏறி இறங்கும் ஒரு கட்டை. அதை அவர் பட்டறையின் கப்புத் தூணில் ஆணி அடித்து மாட்டினார். அடுத்த முறை நான் போனபோது அவர் அதில் கரியால் சில கோடுகள் சேர்த்திருந்தார். கட்டை எங்கே இடிக்கும், அலவாங்கு முனையை எங்கே பொருத்தலாம் என்று குறித்திருந்தார். அவர் மனைவி துருத்தியருகே நின்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கீறினதுதானே அண்ணன்?"

"ஓம்."

"கோடரியும் நீங்கதான் கீறின."  துருத்தியை மிதித்தாள்.

ஆசாரிக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும், என் நோய் அது. நான் சொல்லாமலே கரைவரை நடந்துவிட்டுத் திரும்பி வருவார். முன்பு ஒரு கலப்பைக் கொழு அடித்து முடித்தால் நாள் முழுக்கத் திருப்தியாய் இருக்கிறவர் என்று அவள் சொல்வாள். இப்போது ஒன்றை முடிக்குமுன் அடுத்ததை எடுத்தார். அடுத்ததை எடுத்துவிட்டு வடக்கே பார்த்தார்.

கச்சான் அடங்கிய ஒரு காலையில் போனேன். உலை எரியவில்லை. அவள் முற்றத்தில் உலக்கைக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆசாரி பட்டறையிலிருந்து வந்தார். கையில் கயிறு.

"புள்ள, கையை ஒருக்கா நீட்டு."

அவள் சுளகை மடியில் வைத்தாள். கையை நீட்டினாள். முழங்கை மடிப்பிலிருந்து விரல் மொழிவரை அவர் கயிற்றை வைத்து அளந்தார். அளந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். அவள் அந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எப்ப போறீங்க?"

"நான் இன்னும் ஒண்டும் சொல்லல்லையே புள்ள."

"கையை அளந்தாச்சே. இனி என்னத்தைச் சொல்ற?"

அவர் கயிற்றைச் சுருட்டினார். "கொஞ்ச நாள்தான். கண் அடிக்கிற விதத்தைக் காட்டிக்கொடுத்திட்டு வந்திடுவன்."

"காதையும் கொண்டு வாங்க."

தமையன் குடிசைக்குள்ளிருந்து யாருக்கோ ஏதோ கத்தினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அரிசியைத் திரும்பப் புடைத்தாள். அவர் உள்ளே போய் உலையை மூட்டினார். மிஞ்சியிருந்த வில்தகட்டில் ஒரு துண்டை எடுத்து, மற்றவற்றைவிடச் சிறியதாக, வாய் கொஞ்சம் ஒடுங்கலாக அடித்தார். நான் வரையவில்லை. அவர் கேட்கவுமில்லை. பரணில் மீதியிருந்த ஒரு பிடியை முடிச்சின் அளவுக்கு வெட்டிச் செதுக்கினார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அவள் அதை வாங்கினாள். விறகுக் குவியலருகே போய் ஒரு கட்டையை நிமிர்த்தினாள். ஓங்கினாள். கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. பிடி இடுப்பில் இடிக்கவில்லை. இன்னொரு கட்டையை நிமிர்த்தினாள்.

"பிடி சரியா?" என்று கேட்டார் அவர், பட்டறை வாசலில் நின்று.

"பிடி சரி" என்றாள், கட்டையைப் பார்த்தபடி.

அவர் அங்கேயே நின்றார். அவள் கொத்திக்கொண்டே இருந்தாள். ஒரு நாளைக்கு வேண்டிய விறகு எப்போதோ சேர்ந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. நான் ஓடத்துறைக்கு நடந்தேன். ஓடம் அக்கரையில் இருந்தது. அது வரும்வரை கரையில் இங்குமங்கும் நடந்தேன். கோடரிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.